கிறிஸ்துமஸ் நாட்களில் முன்பின் தெரியாதவருக்கு ஒரு சின்ன உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் கடைசி வாரங்களில் ரயில் நிலையமும் கடைத்தெருவும் விமான நிலையமும் பிதுங்கி வழியும். எல்லார் கையிலும் ஒரு பை கூடுதலாக இருக்கும், எல்லாருக்கும் நேரம் மட்டும் குறைவாக இருக்கும். பெயர் தெரியாத ஒருவருக்கு எப்படிக் கை கொடுப்பது, எது உண்மையில் பயன்படும், எது அவருக்குச் சங்கடத்தை மட்டும் கொடுக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும் இங்கே.

‘சின்ன உதவி’ என்றால் எவ்வளவு சின்னது?

ஐந்து பத்து நிமிடத்தில் தொடங்கி, அந்த இடத்திலேயே முடிந்துவிட வேண்டும். அளவைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வாங்கிக்கொண்டவர் கடன்பட்டவராக வீடு திரும்பக் கூடாது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி இருக்க வேண்டும், திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற பாரம் இருக்கக் கூடாது.

இதை அழகாகச் செய்து காட்டியவர் டெட் ஹார்ன். 1971-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஹூஸ்டன் என்ற சிற்றூரில் உணவு விடுதி நடத்தியவர். காசில்லாத ஓர் இளைஞர் அங்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பர்ஸைத் தொலைத்தவர்போலத் தேடிக்கொண்டிருந்தார். ஹார்ன் அவருக்குப் பின்னால் போய்க் குனிந்து, தரையிலிருந்து எடுப்பதுபோல ஒரு 20 டாலர் நோட்டை எடுத்து, இது உங்களிடமிருந்து விழுந்திருக்கும் என்று நீட்டினார். விழுந்த நோட்டு எதுவும் இல்லை என்பது இளைஞருக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் பெயர் லாரி ஸ்டூவர்ட். பிற்காலத்தில் வசதி வந்ததும், கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கிறிஸ்துமஸ் சமயத்தில் கான்சாஸ் நகரத் தெருக்களில் முகம் தெரியாதவர்களுக்கு 100 டாலர் நோட்டுகளைக் கொடுத்துவந்தார். அவர் யார் என்று ஊருக்குத் தெரிந்தது 2006 நவம்பரில்தான். சில வாரங்களில், 2007 ஜனவரியில், காலமானார்.

பணத்தை விடுங்கள். அந்தக் குனிதலைக் கவனியுங்கள். இளைஞரின் பொய்யை உடைக்காமல், அதற்குள்ளேயே புகுந்து உதவியிருக்கிறார்.

மனசு இருக்கிறது, கூச்சம் தடுக்கிறது. தப்பாக நினைத்துவிடுவார்களோ?

பெரும்பாலும் மாட்டார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பகுதி சிகாகோவின் பனிச்சறுக்குத் திடல் ஒன்றில் நடந்தது. குளிரில் வந்தவர்களிடம் சூடான சாக்லேட் பானத்தைக் கொடுத்து, நீங்களே வைத்துக்கொள்ளலாம், அங்கிருக்கும் வேறு யாருக்காவதும் தரலாம் என்றார்கள். கொடுத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட, வாங்கியவர்களுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. கொடுப்பவர் பொருளின் மதிப்பைப் பார்க்கிறார். வாங்குபவரோ, யாரோ ஒருவர் தன்னை நினைத்தார் என்பதைப் பார்க்கிறார்.

கூச்சத்துக்குக் கைகண்ட மருந்து, முதல் வாக்கியத்தைத் தயாராக வைத்திருப்பது. ‘ஏதாவது உதவி வேணுமா?’ என்று கேட்காதீர்கள். ‘இல்ல, பரவாயில்லை’ என்று அனிச்சையாகவே பதில் வந்துவிடும். என்ன உதவி என்று அவரே யோசித்துச் சொல்ல வேண்டியிருப்பதால் வரும் பதில் அது. ‘அந்தப் பெட்டியை மேலே வச்சுத் தரட்டுமா அம்மா?’ என்று கேளுங்கள். தலையாட்டினால் போதும் என்ற அளவுக்குக் கேள்வி எளிதாக இருக்க வேண்டும். மறுத்தால் ‘சரிங்க’ என்று சொல்லி ஒரு அடி விலகி நில்லுங்கள். இரண்டாம் முறை கேட்பது வற்புறுத்தல்.

உதவ நினைத்தும் கடந்து போய்விடுகிறேன். எனக்கு இரக்கம் இல்லையா?

இரக்கம் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. 1973-ல் வெளியான, பிரின்ஸ்டனில் நடந்த டார்லி, பேட்சன் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இறையியல் மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேச்சு நிகழ்த்தப் போகிறார்கள். அவர்களில் பாதிப்பேருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியருக்கு உதவியவரைப் பற்றிய பைபிள் கதையான நல்ல சமாரியன் உவமைதான். வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து முனகுகிறார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். பேசப்போகும் தலைப்பு குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் செய்யவில்லை.

ஆகவே டிசம்பரில் எங்கே போனாலும் 15 நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள யோசனைகளில் எங்களுக்கு மிகவும் நம்பிக்கையானது இதுதான்.

கூட்டமும் ஒரு காரணம். நூறு பேர் நிற்கும்போது வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நூறு பேருமே நினைப்பார்கள். ஒருவர் மயங்கி விழுந்தால் ‘யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க’ என்று பொதுவாகக் கத்தாமல், ‘நீலச் சட்டை போட்ட அண்ணா, நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க’ என்று ஒருவரைச் சுட்டிச் சொல்லுங்கள்.

படிக்கட்டில் குழந்தை வண்டியோடு ஒருவர் தவிக்கிறார். எப்படித் தூக்குவது?

நல்ல மனதோடு தவறான இடத்தைப் பிடித்து விபத்தாவது இங்கேதான் அதிகம். நிதானமாகப் படியுங்கள்.

முதலில், ‘நீங்க பாப்பாவைத் தூக்கிக்கங்க, நான் வண்டியை எடுத்துட்டு வரேன்’ என்று கேளுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. குழந்தை தூங்குகிறது, எழுப்ப வேண்டாம் என்றால் இருவருமாகத் தூக்கலாம். இடுப்புப் பட்டி மாட்டியிருக்கிறதா என்று பெற்றோரையே பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடியில் தொங்கும் பைகளைக் கழற்றிக் கீழே வையுங்கள். அந்தப் பாரம் இருந்தால், முன்பக்கத்தைத் தூக்கிய மறுகணம் வண்டி பின்னால் மல்லாந்துவிடும்.

கைப்பிடிப் பக்கம் பெற்றோருக்கு, அது எப்போதும் மேற்படியில் இருக்கட்டும். நீங்கள் கீழ்ப்படியில், முன்சக்கரங்களுக்கு மேலே உள்ள உலோகச் சட்டத்தைப் பிடியுங்கள். சக்கரத்தைப் பிடிக்க வேண்டாம். பல வண்டிகளில் ஒரு பொத்தானை அழுத்தினாலே அது கழன்று வந்துவிடும். கால் வைக்கும் பலகையும் குழந்தைக்கு முன்னே உள்ள தடுப்புக் கம்பியும் பாரம் தாங்கச் செய்தவை அல்ல. வண்டி சமமாக இருக்க வேண்டுமானால் கீழே நிற்பவர்தான் உயர்த்திப் பிடிக்க வேண்டும், பாரமும் அவர்மேல்தான் இறங்கும். இறங்கும்போது நீங்கள் பின்னோக்கிக் காலை வைப்பீர்கள். முழங்கால் வலியோ முதுகு வலியோ இருந்தால் நீங்கள் பைகளை எடுத்துக்கொண்டு, இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

எப்போது தூக்குவது, எப்போது நிற்பது என்பதைப் பெற்றோரே சொல்லட்டும். சமதளம் வந்ததும் பிரேக் போட்டு, ‘பிடிச்சிட்டேன்’ என்று அவர் சொன்ன பிறகுதான் கையை எடுக்க வேண்டும். நகரும் படிக்கட்டில் குழந்தை வண்டியை ஏற்றவே கூடாது. அங்கே செய்யக்கூடிய உதவி, லிஃப்ட் எங்கே என்று தேடிச் சொல்வது.

பார்வையற்றவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும்?

பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கத்தில் போய், உங்களிடம்தான் பேசுகிறேன் என்று புரியும்படிப் பேசுங்கள். அவர் சரி என்றால் உங்கள் முழங்கையை நீட்டுங்கள். அதற்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்வார், நீங்கள் அரையடி முன்னால் நடக்க வேண்டும். ‘படி, மேலே ஏறுது’, ‘கடைசிப் படி’ என்று சொல்லிக்கொண்டே போங்கள். விடைபெறும்போது நட்டநடுவில் விட்டுவிட்டுப் போகாமல், ஒரு சுவரையோ நாற்காலியின் முதுகையோ அவர் கை தொடும் இடத்தில் விடுங்கள். சேணம் பூட்டிய வழிகாட்டி நாய் வேலையில் இருக்கிறது, அதைக் கொஞ்சக் கூடாது.

சக்கர நாற்காலி அவர் உடம்பின் ஒரு பகுதி மாதிரி. கேட்காமல் தள்ளக் கூடாது, அதன்மேல் சாயக் கூடாது, பையை மாட்டக் கூடாது. தூக்க வேண்டி வந்தால் கை வைக்கும் தாங்கியையும் கால்பலகையையும் பிடிக்காதீர்கள், அவை கழன்று வரும். எங்கே பிடிப்பது என்று அவரிடமே கேளுங்கள்.

ஆளே எதிரில் இல்லாமல் செய்யக்கூடிய உதவியும் உண்டு. இந்த மாதத்தில் நடைபாதையில் அலங்கார மரமும் அட்டைப்பெட்டியும் அறிவிப்புப் பலகையும் முளைத்துவிடும். வழியை மறிக்கும் ஒன்றைக் கடைக்காரரிடம் சொல்லி ஓரமாக நகர்த்தினால், அன்று அந்த வழியே வரும் எல்லாருக்கும் அது உதவி.

பண்டிகை நாளிலும் வேலை செய்பவர்களுக்கு என்ன செய்யலாம்?

கடையில் பில் போடுபவரிடம் முதல் மரியாதை, கைபேசியைக் கீழே வைப்பது. பார்கோடு அவர் பக்கம் தெரியும்படிப் பொருட்களை அடுக்குங்கள், பணத்தையோ அட்டையையோ முன்பே எடுத்து வையுங்கள். பின்னால் வரிசை நீண்டிருக்கும்போது நலம் விசாரிப்பது அன்பு போலத் தெரியும், ஆனால் அவருக்கு அது நெருக்கடி. முகம் பார்த்து ஒரு வாழ்த்து போதும். வேண்டாம் என்று முடிவு செய்த குளிர்பதனப் பொருளைக் கண்ட அலமாரியில் செருகிவிட்டுப் போனால், அது குப்பைக்குத்தான் போகும். அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

பார்சல் கொண்டுவருபவருக்கு நேரம்தான் பெரிய பரிசு. கதவு எண் இருட்டிலும் தெரிய வேண்டும், நாயைக் கட்டியிருக்க வேண்டும், அவர் அழைத்தால் எடுக்க வேண்டும். தண்ணீர் வேண்டுமா, கழிப்பறை வேண்டுமா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நாள் முழுக்க வண்டியில் இருப்பவருக்கு இரண்டாவது கேள்வி எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை யோசித்துப் பாருங்கள்.

மருத்துவமனைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ ஏதாவது கொண்டுபோனால், தனித்தனியாகப் பொட்டலமிட்ட, ஒரு கையால் எடுத்துச் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். பகலில் வரும் பரிசெல்லாம் மாலைக்குள் தீர்ந்துவிடும். உறையின் மேல் ‘இரவுப் பணியாளர்களுக்கு’ என்று எழுதுங்கள்.

காசு செலவில்லாத, நெடுநாள் பயன் தரும் உதவி ஒன்று உண்டு. நன்றாக நடந்துகொண்ட ஊழியரைப் பற்றி அவருடைய மேலாளருக்கு எழுதுங்கள். பெயர், நாள், நேரம், கவுண்டர் எண், அவர் செய்தது என்ன என்று நான்கே வரி. ‘நல்ல சேவை’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எது, எப்போது என்று இருந்தால்தான் அது அவருடைய கோப்பில் ஏறும்.

வரிசையில் பின்னால் நிற்பவருக்குப் பணம் கட்டிவிடலாமா?

செய்யலாம், ஆனால் எங்களுக்கு இதில் பாதி மனசுதான். பின்னால் நிற்பவருக்குப் பண முடை இருக்கும் என்பது என்ன நிச்சயம்? தானும் அடுத்தவருக்குக் கட்டியாக வேண்டுமோ என்ற கட்டாயம் அவர்மேல் விழுகிறது. அடுத்தவரின் பில் பெரிதாக இருந்தால் மாட்டிக்கொள்வதும் அவர்தான்.

உண்மையில் தேவை தெரியும் இடம் ஒன்று இருக்கிறது. ஒருவர் பில்லைப் பார்த்துவிட்டு, கூடையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துத் தள்ளி வைக்கத் தொடங்கும் தருணம். அவரிடம் பேசாதீர்கள். காசாளரிடம் தாழ்ந்த குரலில், ‘அதை என் கணக்கில் சேர்த்துடுங்க, அவங்க பையில் போட்டுடுங்க’ என்று சொல்லிவிட்டு உங்கள் பொருட்களில் கண்ணை வையுங்கள். அவர் திரும்பிப் பார்த்தால் ஒரு புன்னகை போதும், விளக்கம் வேண்டாம். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும்.

உணவு வங்கிக்கும் பொம்மை சேகரிப்புக்கும் எதைக் கொடுப்பது?

பொது இடத்தில் பெட்டி வைத்துக் கிறிஸ்துமஸுக்குச் சேகரிக்கும் வழக்கத்தில் பலருக்கும் தெரிந்தது, சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் சிவப்புக் கெட்டில். 1891-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜோசப் மெக்ஃபீ என்பவர் ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து கொடுக்கப் பணமில்லாமல், படகுத்துறை அருகே ஒரு பானையை வைத்துத் தொடங்கியது அது. அன்று அவர் கேட்டது காசு. இன்றும் பணமே அதிகம் பயன்படும். மொத்தமாக வாங்கும் அமைப்புக்கு அதே தொகையில் நம்மைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், எது இல்லையோ அதையும் வாங்கிக்கொள்ள முடியும்.

பொருளாகத்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் சிலவற்றைக் கவனியுங்கள். டிசம்பர் முதல் வாரத்திலேயே கொடுங்கள். 24-ஆம் தேதி வரும் பெட்டியைப் பிரித்து, தேதி பார்த்து, குடும்பவாரியாகக் கட்டி அனுப்ப ஆளும் நேரமும் இருக்காது. காலாவதிக்குக் குறைந்தது மூன்று மாதமாவது இருக்கட்டும். கண்ணாடிப் புட்டி உடைந்தால் பெட்டியில் உள்ள அத்தனையும் வீண். டின் என்றால் வளையத்தை இழுத்துத் திறக்கும் வகையாகப் பாருங்கள், வாங்குபவர் வீட்டில் திறப்பான் இல்லாமலிருக்கலாம். அடுப்பு இல்லாதவர்களும் இருப்பார்கள், அப்படியே சாப்பிடக்கூடியவையும் கொஞ்சம் சேருங்கள். சானிட்டரி நாப்கின், டயப்பர், பற்பசை, சோப்பு ஆகியவற்றைக் கொடுப்பவர்கள் எப்போதும் குறைவு. டயப்பரில் பிறந்த குழந்தைக்கான அளவைத்தான் எல்லாரும் வாங்குவார்கள். நீங்கள் பெரிய அளவுகளை வாங்குங்கள்.

பொம்மைகளை உறையிட்டுக் கொடுக்காதீர்கள். எந்த வயதுக்கு என்று பார்க்கவும் பாதுகாப்பைச் சோதிக்கவும் தன்னார்வலர்கள் அத்தனையையும் கிழிக்க வேண்டிவரும். பரிசுத் தாளையும் டேப்பையும் தனியாகச் சேர்த்துக் கொடுத்தால், பெற்றோரே தங்கள் கையால் சுற்றிக் கொடுப்பார்கள். தன் குழந்தைக்குத் தானே பரிசு கொடுத்த நிறைவு அவர்களுக்குக் கிடைக்கும். பேட்டரி தேவை என்றால் அதையும் ஒட்டி வையுங்கள். சின்னக் குழந்தைகளுக்குப் பொம்மை குவியும், 12 முதல் 16 வயதுப் பிள்ளைகளைத்தான் மறந்துவிடுவார்கள். ஹெட்போன், பந்து, வரைபொருட்கள், முதுகுப்பை ஆகியவை அவர்களுக்குப் பொருந்தும்.

தெருவில் தங்கியிருப்பவரிடம் எப்படிப் போவது?

நின்றபடி மேலிருந்து பேசாமல், ஒரு கை தூரம் விட்டு, அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து பேசுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி, என்ன தேவை என்று கேளுங்கள். எல்லாரும் ஒரே மாதிரி உணவையே கொடுப்பதால் அன்று ஐந்து பொட்டலம் ஏற்கனவே கிடைத்திருக்கும், காலுறை ஒன்றும் இருக்காது. பல் பாதிப்பு இருக்கலாம் என்பதால் உணவு மென்மையாக இருப்பது நல்லது. தூங்குபவரை எழுப்பிப் பரிசு கொடுக்க வேண்டியதில்லை, தலைமாட்டில் சத்தமில்லாமல் வையுங்கள்.

கடுங்குளிரில் ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் உயிராபத்து. நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சு குழறி, தூக்கக் கலக்கமாகத் தெரிந்தால் அவர் தேறிவிட்டார் என்று எண்ணாதீர்கள். உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள். தரைக்கும் உடம்புக்கும் நடுவே அட்டையோ போர்வையோ போடுங்கள், ஈரத் துணியை மாற்றுங்கள். கைகால்களைத் தேய்க்கக் கூடாது, மது கொடுக்கவே கூடாது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே கிறிஸ்துமஸ் நடுக்கோடையில் வருகிறது. அங்கே இதே அக்கறை தண்ணீராகவும் நிழலாகவும் மாறும்.

தனியாக இருக்கும், பழக்கமில்லாத பக்கத்து வீட்டுக்காரரை எப்படி அணுகுவது?

ஓர் அட்டையில் தொடங்குங்கள். கதவைத் தட்டுவதைவிட அட்டை மென்மையானது, அவர் தன் நேரத்தில் படித்து முடிவு செய்யலாம். இப்படி எழுதலாம்:

‘ஐயா, வணக்கம். நான் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கடைக்குப் போகிறேன். உங்களுக்கு ஏதாவது வாங்க வேண்டியிருந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள். தேவையில்லை என்றால் பதில் எழுத வேண்டியதில்லை.’

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், அதுதான் அவரைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுவது. நாளும் நேரமும் குறிப்பிட்டிருப்பதால், உங்களுக்குத் தனியாகச் சிரமம் கொடுக்கிறோம் என்ற எண்ணமும் அவருக்கு வராது. நேரில் போவதாக இருந்தால் பகலில் போங்கள். மணியடித்துவிட்டு இரண்டு அடி பின்வாங்கி, கதவுத் துளையில் முகம் தெரியும்படி நில்லுங்கள். உள்ளே வரட்டுமா என்று நீங்களாகக் கேட்க வேண்டாம். விருந்துக்கு அழைத்தால் எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது முடியும், யார் யார் வருவார்கள் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். முடிவு தெரியாத அழைப்பு முதியவர்களுக்குத் தயக்கம் தரும்.

பொது இடத்தில் ஒருவர் அழுகிறார்...

பண்டிகை நாட்களில் இழப்பு கூடுதலாக வலிக்கும். எதிரில் நிற்காமல் பக்கவாட்டில், கொஞ்சம் இடைவெளி விட்டு உட்காருங்கள். ஒரு டிஷ்யூவை நீட்டி, ‘கொஞ்ச நேரம் இங்க இருக்கட்டுமா, தனியா விடட்டுமா?’ என்று கேளுங்கள். காரணம் கேட்காதீர்கள். ‘எல்லாம் நல்லதுக்கே’, ‘பண்டிகை நாள்ல அழலாமா’ இரண்டையும் தவிருங்கள். உயிரை மாய்த்துக்கொள்வதுபோல ஏதாவது சொன்னால் தனியே விடாமல் அவசர உதவியைக் கூப்பிட வேண்டும்.

தெரியாத குழந்தைக்குப் பரிசோ தின்பண்டமோ கொடுக்கலாமா?

பெற்றோரிடம் கேட்காமல் கூடாது, அதுவும் குழந்தையின் காதில் விழாமல் கேட்க வேண்டும். குழந்தை கேட்டுவிட்டால் பெற்றோரால் மறுக்க முடியாது. தின்பண்டத்தில் வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், பால், முட்டை, கோதுமை, எள் இருந்தால் சொல்லிவிடுங்கள், ஒவ்வாமை உயிரைப் பறிக்கும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் சிறு பாகங்கள் கழன்று வராத பொம்மையாக இருக்க வேண்டும். பொத்தான் பேட்டரி உள்ள பொருளில் மூடி திருகாணியால் மூடப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சதையைப் பொசுக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நான் கிறிஸ்தவர் இல்லை. அவரும் இல்லை என்றால்?

உதவிக்கு அது தடையே இல்லை. அவர் என்ன வாழ்த்துச் சொல்கிறாரோ அதையே திருப்பிச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ‘விடுமுறை நல்லபடியா அமையட்டும்’ போதும். உதவியோடு மதப் பிரசுரத்தைச் சேர்த்துக் கொடுப்பது வேண்டாம். ஏற்க வேண்டிய பாரம் ஒன்று கூடிவிடும்.

ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் நல்லவராக இருப்பது நடிப்பு இல்லையா?

இல்லை. தெரியாதவரிடம் பேச ஒரு சாக்கு தேவைப்படுகிறது, இந்த நாள் அதைத் தருகிறது. 1914 டிசம்பரில், முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் பல இடங்களில், மேலிடத்து அனுமதியில்லாமலே பிரிட்டிஷ், ஜெர்மன் வீரர்கள் பதுங்கு குழிகளை விட்டு வெளியே வந்தார்கள். இறந்தவர்களைப் புதைத்தார்கள், சிகரெட்டும் சட்டைப் பொத்தானும் மாற்றிக்கொண்டார்கள். முந்தின நாள்வரை சுட்டுக்கொண்டவர்களுக்கே அந்தச் சாக்கு போதுமானதாக இருந்தது.

கூட்டத்தில் பர்ஸோ பொம்மையோ கிடந்தால்?

பர்ஸை அந்த இடத்தின் உதவி மையத்திலோ காவல் நிலையத்திலோ கொடுத்து, ரசீது வாங்குங்கள். இணையத்தில் போடுவதானால் படத்தைப் போடாமல், ‘இன்ன இடத்தில் ஒரு பர்ஸ் கிடைத்தது’ என்று மட்டும் எழுதுங்கள். நிறத்தையும் உள்ளே இருப்பதையும் உரிமையாளர் சொல்லட்டும். மனிதர்கள்மேல் நம்பிக்கை வேண்டுமென்றால், 2019-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். 40 நாடுகளில் 355 நகரங்களில் 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களைக் கண்டெடுத்ததாகச் சொல்லி அலுவலகங்களிலும் விடுதிகளிலும் ஒப்படைத்துப் பார்த்தார்கள். காசு இல்லாத பர்ஸ்களில் சுமார் 40 சதவீதத்துக்கும், காசு இருந்தவற்றில் சுமார் 51 சதவீதத்துக்கும் உரிமையாளரைத் தேடி மின்னஞ்சல் போனது. காசு இருந்தவற்றுக்குத்தான் கூடுதலாகத் தகவல் போனது.

துணிப் பொம்மையை மட்டும் எங்கும் எடுத்துப் போகாதீர்கள். பெற்றோர் வந்த வழியே தேடிக்கொண்டு வருவார்கள். கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, கம்பியிலோ மதில்மேலோ கண்ணில் படும் உயரத்தில், ஈரம் படாமல் வையுங்கள்.

ஏமாற்றுக்காரர்களிடம் சிக்காமல் இருப்பது எப்படி?

அவசரப்படுத்துபவர், பரிசு அட்டையாக வாங்கி எண்ணைச் சொல்லச் சொல்பவர், இருவரிடமும் நின்றுவிடுங்கள். நேர்மையான அறக்கட்டளை பரிசு அட்டை கேட்காது. நன்கொடைப் பெட்டியில் உள்ள க்யூஆர் குறியீட்டின் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். கைபேசி இரவல் கேட்டால், எண்ணை நீங்களே அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, கையிலேயே வைத்துக்கொள்ளலாம். இருட்டில் தனியாக வண்டியை நிறுத்தச் சொன்னால் நிறுத்தாமல் போய், பாதுகாப்பான இடத்திலிருந்து உதவிக்கு ஆள் அனுப்புவதும் உதவிதான்.

வீடியோ எடுத்துப் போட்டால் பலருக்கும் தூண்டுதலாக இருக்குமே?

வேண்டாம். வாங்கியவரின் முகம் அவருடைய சொந்தக்காரர், பள்ளித் தோழர், முதலாளி எல்லாருடைய கைபேசிக்கும் போகும். உணவுப் பொட்டலம் தீர்ந்த பிறகும் அந்தப் படம் இருக்கும்.

உதவி தேவைப்படுவது எனக்குத்தான். எப்படிக் கேட்பது?

ஒருவரைப் பார்த்து, ஒரே ஒரு காரியத்தை, அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சேர்த்துக் கேளுங்கள். ‘தம்பி, இந்தப் பையை அந்தத் தூண் வரைக்கும் கொண்டுவர முடியுமா? ரெண்டு நிமிஷம்தான்.’ 2008-ல் வெளியான ஃப்ளின், லேக் ஆய்வில், மூன்று பேரிடமிருந்து கைபேசி இரவல் பெறச் சுமார் பத்துப் பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று மாணவர்கள் கணித்தார்கள். நடந்ததில் ஆறு பேரே போதுமாக இருந்தது. கிடைத்தபின் ‘ஐயோ, சிரமம் கொடுத்துட்டேன்’ என்று பத்து முறை சொல்ல வேண்டாம். ‘ரொம்ப உதவியா இருந்தது’ என்றால் கொடுத்தவருக்கு அதுவே நிறைவு.

பணமும் இல்லை, வெளியே சுற்ற நேரமும் இல்லை. வேறென்ன செய்யலாம்?

ரத்தம் கொடுங்கள். முகம் தெரியாதவருக்குச் செய்யும் உதவி இதைவிட நேரடியாக வேறொன்று இல்லை. தட்டணுக்கள் 5 முதல் 7 நாட்களே தாங்கும், சிவப்பணுக்கள் அதிகபட்சம் சுமார் 42 நாட்கள். விடுமுறையில் கொடுப்பவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், சிகிச்சை நிற்பதில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் எடுத்த தட்டணு கிறிஸ்துமஸ் அன்று உதவாது, ஆகவே 20-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு நாளைப் பதிவு செய்யுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், எழுந்ததும் 10, 15 நிமிடம் உட்காருங்கள். அவசரமாக எழுந்து நடப்பதால்தான் பலர் மயங்குகிறார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு?

உணவு வங்கிகளின் அலமாரி ஜனவரி மத்தியில்தான் வெறிச்சோடும். டிசம்பரில் கொடுக்க நினைத்த தொகையில் பாதியை எடுத்து வைத்து, ஜனவரி 15-ஆம் தேதிக்குக் கைபேசியில் நினைவூட்டல் போடுங்கள். மூன்றாவது மாடியிலிருந்து அட்டை எழுதியவர் அதே மாதம் இன்னொரு சனிக்கிழமை, அதே 10 மணிக்கு, அந்த ஐயாவிடம் மீண்டும் ஒருமுறை கேட்கலாம். முதல் அட்டைக்குப் பதில் வராதிருந்தாலும் கேட்கலாம்.